எண்ணிப் பார்க்கச் சொல்வது குற்றமா?

"தோற்றவர் ஒதுங்கிப் போக வேண்டியதுதானே! மீண்டும் எண்ணு, மீண்டும் எண்ணு என்று ஏன் மன்றாட வேண்டும்? கட்சியின் கட்டுக்கோப்பு என்னாவது? ஒற்றுமை என்னாவது?"

இப்படிக் கேட்போர் எந்நாட்டிலும் உண்டு. வென்றவர் கேட்கிறார், வென்றவரின் நிழலில் நிற்போர் கேட்கின்றனர், வம்பு வேண்டாம் என்று வாழ்ந்து பழகிய நல்லவர்களுங்கூடக் கேட்கின்றனர். கேட்கட்டும்! நாமும் ஒன்று கேட்போம்: எண்ணியது சரிதானா என்று எண்ணிப் பார்க்கச் சொல்வது எப்போதிருந்து குற்றமாயிற்று?

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தைப் பாருங்கள், தோழர்களே! அங்கே ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைவர்கள் அறைக்குள் அமர்ந்து அறிவித்துவிடுவதில்லை. முதனிலைத் தேர்தல் ஒன்றிலே வாக்காளர்தாம் தேர்ந்தெடுக்கின்றனர். மெக்சிகோ எல்லையை ஒட்டிய 28-ஆம் தொகுதியில், 2022 மே 24 அன்று, டெமாக்ரடிக் கட்சியின் முதனிலைத் தேர்தல் இரண்டாம் சுற்றை எட்டிற்று. ஒருபுறம் ஹென்றி குவெயார் — பல்லாண்டு உறுப்பினர், கட்சித் தலைமையின் ஆதரவு பெற்றவர். மறுபுறம் ஜெசிகா சிஸ்னெரோஸ் — இளம் வழக்குரைஞர். பதிவான வாக்குகள் 45,000-க்கு மேல். வேறுபாடோ வெறும் 281!

இருவரின் பதவிப் போட்டி மட்டுமன்று அது. கருக்கலைப்பு உரிமையைக் கூட்டாட்சிச் சட்டமாக்கும் மசோதா 2021 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது, அக்கட்சியினருள் எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் குவெயார். அந்த உரிமையை 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றமே பறித்தது. பெண்ணின் உடல்மீது ஆணை செலுத்துவது யார் என்னும் கேள்வி, அந்த 281-க்குள்ளே அடங்கிக் கிடந்தது. இந்நிலையில், எண்ணியது சரியா என்று பாராமலே எழுந்து போ என்பது எந்த ஊர் நீதி?

சிஸ்னெரோஸ் எழுந்து போகவில்லை; மறு எண்ணிக்கை கோரினார். வென்றவர் பெற்ற வாக்கில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாக வேறுபாடு இருந்தால் கோரலாம் என்கிறது டெக்சாஸ் சட்டம். இங்கோ நூற்றுக்கு இரண்டுகூட இல்லை!

அதே தொகுதியின் பழங்கதை ஒன்றும் உண்டு. 2004 மார்ச்சில் நடந்த முதனிலைத் தேர்தல். அன்று பதவியில் இருந்தவர் சிரோ ரோட்ரிகஸ். முதல் எண்ணிக்கையில் அவர் 145 வாக்குகள் முன்னே நின்றார். பின்தங்கியவர் யார் தெரியுமா? இதே குவெயார்! ஒற்றுமை கருதி ஒதுங்கினாரா? இல்லை, மறு எண்ணிக்கை கேட்டார். முதலில் கணக்கில் வராத வாக்குகள் வெளிப்பட்டன. வழக்கு மன்றம்வரை சென்ற பிணக்கின் முடிவில், 58 வாக்குகள் வேறுபாட்டில் குவெயார் வென்றார். அவர் வாஷிங்டன் சென்றதே மறு எண்ணிக்கை என்னும் ஏணியில் ஏறித்தான்! அவர் கேட்டது தவறென்று நாம் சொல்லவில்லை, சரி என்கிறோம். அவருக்குச் சரியானது 2022-இல் சிஸ்னெரோசுக்கு மட்டும் எப்படித் தவறாகும்?

"மறு எண்ணிக்கை கேட்பது தேர்தல் அலுவலரைத் திருடர் என்பதாகும்" என்று சிலர் சீறுகின்றனர். ஆசிரியப் பணியில் இருக்கும் நமக்கு இது நகைப்பைத் தருகிறது. தேர்வு எழுதிய மாணவன், மதிப்பெண்ணில் ஐயம் கொண்டு மறுகூட்டலுக்குப் பணம் கட்டுகிறான். விடைத்தாள் திருத்திய ஆசிரியர் கையூட்டு வாங்கினார் என்றா அவன் சொல்கிறான்? கூட்டலில் பிழை நேர்ந்திருக்கலாம் என்கிறான், அவ்வளவே! மனிதக் கை எழுதுவதில் பிழை வரும். வராது என்பது மூடநம்பிக்கை.

சான்று வேண்டுமா? கான்சாஸ் மாநிலத்தில் 2018 ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் ஆளுநர் முதனிலைத் தேர்தல். ஜெஃப் காலியர் பின்தங்கினார். கிறிஸ் கோபாக் முன்னே நின்றார். தாமஸ் மாவட்டத்தில் காலியர் பெற்றது 522. மாநிலக் கணக்கில் ஏறியது 422! நூறு வாக்குகள் ஓர் இலக்கத்தின் பிழையில் மறைந்தன. இறுதியில் வேறுபாடு 343. மாநிலத் தேர்தல் நிருவாகத்தின் தலைமை அலுவலர் அன்று யார்? வேட்பாளர் கோபாக்கே! எதிர்ப்பு எழுந்த பிறகே அப்பொறுப்பிலிருந்து விலகி நின்றார். இத்தனைக்குப் பின்னும் காலியர் மறு எண்ணிக்கை கேட்கவில்லை; தோல்வியை ஒப்பினார்.

பெருந்தன்மை என்று பாராட்டினர். நாம் பாராட்ட மாட்டோம். விட்டுக்கொடுக்க அந்த வாக்குகள் அவருடைய சொத்தா? வரிசையில் கால் கடுக்க நின்ற உழவனுடையவை. வேலையை விட்டு வந்த செவிலியினுடையவை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவனைக் கொடைவள்ளல் என்போமா? வேட்பாளர் தம் பதவி ஆசையைத் துறக்கலாம். வாக்காளரின் கணக்கைத் துறக்க அவருக்கு உரிமை ஏது?

கணக்கைத் திறந்து காட்டாத வெற்றி, வென்றவரையே உறுத்தும். 1948-இல் டெக்சாஸ் மாநிலத்தின் செனட் முதனிலைத் தேர்தல், இரண்டாம் சுற்று. லிண்டன் ஜான்சன் 87 வாக்குகளில் கோக் ஸ்டீவன்சனை வென்றதாக அறிவித்தனர். வாக்களிப்பு முடிந்து சில நாட்கள் கழித்து, ஆலிஸ் என்னும் ஊரின் 13-ஆம் பெட்டிக் கணக்கில் இருநூறு வாக்குகள் புதிதாக முளைத்தன! அந்தப் பெயர்கள் ஒரே கையெழுத்தில், அகர வரிசையில் இருந்ததாகப் பட்டியலைக் கண்டவர்கள் கூறினர். கட்சியின் மாநிலக் குழு 29-க்கு 28 என்ற கணக்கில் ஜான்சனை ஏற்றது. கூட்டாட்சி நீதிமன்றம் தொடங்கிய விசாரணையும், உச்ச நீதிமன்ற நீதிபதி ஹ்யூகோ பிளாக்கின் ஆணையால் நடுவிலே நின்றது. ஜான்சன் பின்னாளில் குடியரசுத் தலைவரானார். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அத்தகையவரையும் 13-ஆம் பெட்டி விடவில்லை. அன்று தேர்தல் அதிகாரியாக இருந்த லூயிஸ் சலாஸ், மோசடி நடந்ததென 1977-இல் ஒப்புக்கொண்டார். உரிய நாளில் ஊரறிய எண்ணியிருந்தால், உண்மை 29 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லையே!

"மறு எண்ணிக்கையால் முடிவு மாறுவது அரிது" என்பர். உண்மைதான், மறைக்கவில்லை. 2000 முதல் 2023 வரை அமெரிக்காவில் மாநிலம் முழுவதற்குமாக நடந்த 6,929 பொதுத் தேர்தல்களில் மறு எண்ணிக்கை 36; முடிவு மாறியது மூன்றில்தான் என்று ஃபேர்வோட் அமைப்பு கணக்கிட்டுள்ளது. ஆனால் அந்த மூன்றில் ஒன்று வாஷிங்டன் மாநில ஆளுநர் பதவி. இன்னொன்று மின்னசோட்டாவின் செனட் இடம். கேட்காதிருந்தால் மக்கள் தேர்ந்தெடுக்காதவர் அமர்ந்திருப்பார்! மாறாத இடங்களிலும் பயன் உண்டு: வென்றவர் ஐயமின்றி வென்றவராகிறார்.

ஆனால், இளைஞர்களே, எல்லையும் அறிந்திருக்க வேண்டும். கேட்கும் உரிமை பெற்றவருக்கு, கிடைத்த விடையை ஏற்கும் கடமையும் உண்டு. 2020 குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் பின், டொனால்டு டிரம்ப் தரப்பு 30 இலட்சம் டாலர் கட்டி, விஸ்கான்சின் மாநிலத்தின் இரு மாவட்டங்களில் மறு எண்ணிக்கை கேட்டது. கேட்டது தவறன்று. எண்ணினர், ஜோ பைடனின் முன்னிலை 87 வாக்குகள் கூடிற்று. அதன் பின்னும் "களவு, களவு" என்று கூவினரே, அதுதான் தவறு! அக்கூச்சலின் விளைவை 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் கண்டது. மறு எண்ணிக்கை கேட்பவன் உண்மையைத் தேடுகிறான். விடை வந்த பின்னும் கூவுபவன் உண்மையை விரட்டுகிறான். இரண்டும் ஒன்றல்ல.

சிஸ்னெரோசின் கோரிக்கைக்கு என்ன விடை வந்தது? 281 என்பது 289 ஆயிற்று. குவெயாருக்கு எட்டு வாக்குகள் கூடின. "பார்த்தீர்களா, வீண் வேலை!" என்று கைகொட்டினர் சிலர். வீணா? முதற்கணக்கு எட்டு வாக்குப் பிழையானது என்பதன்றோ அதன் பொருள்! அந்த எட்டும் கேட்டவருக்கு எதிராகவே போனாலும், போக வேண்டிய இடத்துக்குத்தானே போயின?

நாம் கேட்பது இன்னொன்றும் உண்டு. டெக்சாஸில் மறு எண்ணிக்கைக்குக் கோருபவரே பணம் கட்ட வேண்டும். முடிவு மாறினால்தான் அது திரும்பும். பணமுள்ளவன் ஐயம் தீர்த்துக்கொள்வான். ஏழை வேட்பாளன் ஐயத்தோடு வீடு திரும்புவான் — இதுவா மக்களாட்சி? வேறுபாடு மிகக் குறுகினால் அரசுச் செலவில் தானாகவே எண்ணும் முறை சில மாநிலங்களில் உண்டு. பென்சில்வேனியாவில் நூற்றுக்கு அரைப் பங்கும் அதற்குக் குறைவும் எனில் சட்டமே ஆணையிடுகிறது. அம்முறை எங்கும் வரவேண்டும். வரும்வரை, பின்தங்கிய வேட்பாளர் கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

தமிழில் எண்ணுதல் என்றால் கணக்கிடுதல். எண்ணுதல் என்றால் சிந்தித்தல். எண்ணாதே என்று தடுப்பவன் இரண்டையுமே தடுக்கிறான். வேறுபாடு சிறிது, சட்டம் இடந்தருகிறது, விடையை ஏற்கும் நேர்மையும் உண்டு — இம்மூன்றும் இருந்தால், கேளுங்கள்! ஒற்றுமையின் பெயரால் வாயை மூடச் சொன்னால், உண்மையின் பெயரால் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்!