சந்தனப் பொட்டும் சன்மைக்கா கதவும்



ஆயுத பூஜை முடிந்தது. பொரியும் சுண்டலும் காலி. பீரோ, அலமாரி, மேஜை, ஃபிரிட்ஜ் என்று கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் வைத்த சந்தன குங்குமப் பொட்டுகள் மட்டும் காய்ந்துபோய் அப்படியே இருக்கின்றன. மாவிலை கட்ட ஒட்டிய செல்லோ டேப்பின் பிசினும் கூடவே. இதோ தீபாவளி வருகிறது; வீட்டைத் தேய்த்துக் கழுவும் படலம் தொடங்கிவிடும். அதற்குள் நம் வீட்டு சன்மைக்காவுக்காகக் கொஞ்சம் பரிந்து பேசிவிடுகிறேன்.

கறையால் பாழான சன்மைக்காவை நான் அதிகம் பார்த்ததில்லை. கறையை எடுக்கிறேன் பேர்வழி என்று தேய்த்தே பாழாக்கியதைத்தான் போகிற வீடுகளில் எல்லாம் பார்க்கிறேன். அடுப்புக்குப் பக்கத்து ஷட்டரில் ஒரு இடம் மட்டும் வெளிறிப் பளபளப்பு போயிருக்கும். சாய்வாக வெளிச்சம் பட்டால் வட்டம் வட்டமாகக் கீறல் தெரியும். எல்லாம் பச்சை ஸ்க்ரப்பரின் கைங்கரியம்!

இந்தத் தகட்டின் பூர்வீகம் சமையலறையே இல்லை. 1912-ல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இருவர், மின்சாதனங்களில் அப்பிரகத்துக்குப் பதிலாக ஏதாவது கிடைக்காதா என்று தேடியதில் பிறந்தது. பழுப்புக் காகிதங்களை ரெசினில் ஊறவைத்து அடுக்கி, மேலே டிசைன் அச்சிட்ட தாளை மெலமைன் ரெசினில் ஊறவைத்துப் பரப்பி, நல்ல சூட்டில் பலமாக அழுத்துவார்கள். இதுதான் இன்றைய செய்முறை. கடையில் வாங்கும் 1 மி.மீ. தகட்டில் நிறமும் மரக்கோடும் இருப்பது அந்த மேல்தாளில் மட்டும்தான். மரமென்றால் இழைத்து வார்னிஷ் அடிக்கலாம். இதைத் தேய்த்தால் அடியிலிருக்கும் பழுப்புக் காகிதம்தான் எட்டிப் பார்க்கும். ஆசாரியைக் கூப்பிட்டால், "ஷீட்டையே மாத்தணும்க்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

சரி, பொட்டுக்கு வருவோம். காய்ந்த குங்குமத்தின் மேல் எடுத்த எடுப்பில் ஈரத்துணியை வைத்தால் சாயம் இறங்கிப் பரவும். முதலில் உலர்ந்த பஞ்சால் தூளைத் தட்டிவிடுங்கள். பிறகு வேறொரு பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக ஒற்றி எடுங்கள். கடைசியில், பாத்திரம் துலக்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்ட ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மஞ்சள் கறைக்கும் இதே வைத்தியம்தான், கொஞ்சம் கூடுதல் பொறுமையோடு. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். சாம்பார் தெறித்த இடத்தை ஈரத்துணியால் எத்தனை முறை துடைத்தாலும் அசையாமல் இருப்பது அதனால்தான். சோப்பு பட்டதும் கறை சிவந்துகூடப் போகலாம். பதற வேண்டாம், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்ட மஞ்சள் சிவக்கிற அதே சங்கதிதான் இது. நல்ல தண்ணீரால் துடைத்தால் பழைய மஞ்சளுக்கே திரும்பிவிடும். எண்ணெய்க்கும் மசியாததைத் துணியில் நனைத்த சானிடைசரால் ஒற்றலாம். அதற்குப் பிறகும் லேசாக மஞ்சள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. ஜன்னல் வெயில் படுகிற கதவென்றால் நாளடைவில் தானே வெளுத்துப்போகும். சும்மா இருப்பதும் ஒரு சுத்தம்தான் என்று வீட்டில் தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

டேப் பிசினுக்கும் தேங்காய் எண்ணெயே. தடவி அரைமணி நேரம் ஊறவிட்டு, பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் வழித்தால் உருண்டு வந்துவிடும். பிளேடு வேண்டவே வேண்டாம். குழந்தைகள் கிறுக்கிய பால்பாயின்ட் மைக்கு ஸ்பிரிட். பெர்மனென்ட் மார்க்கர் என்றால், அதன் மேலேயே வொயிட்போர்டு மார்க்கரால் எழுதி, காயும் முன் துடைத்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். அடுப்படிப் பிசுக்குக்கு, லிக்விட் கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். டீக்கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசலாம். ஆனால் தேய்க்காமல் துடைத்தெடுக்க வேண்டும்.

பாத்ரூம் ஆசிட், பிளீச் இரண்டையும் சன்மைக்கா பக்கமே கொண்டுபோகாதீர்கள். மேல்பூச்சை அரித்துவிடும். (இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் விஷவாயு வரும் என்பது தனி ஆபத்து.) வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்சிலும் ஒரு வேடிக்கை உண்டு. அதுவும் மெலமைன் ரெசினில் செய்ததுதான். மிக நைசான உப்புத்தாள் போல வேலை செய்யும். மேட் ஃபினிஷிலேயே யோசித்துத்தான் தொட வேண்டும், கிளாஸி என்றால் கூடவே கூடாது.

எதையும் நேராகக் கதவில் ஊற்றாதீர்கள், ஸ்பிரே அடிக்காதீர்கள், துணியில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர இடுக்கில் ஈரம் இறங்கினால் உள்ளே இருக்கும் பலகை உப்பிக்கொள்ளும். எம்.டி.எஃப். என்றால் உப்பினது உப்பினதுதான். தின்னர் எட்ஜ் பேண்டை இளக்கிவிடும். உங்கள் ஷட்டர் அக்ரிலிக்காக இருந்தால் மேலே சொன்ன ஸ்பிரிட்டும் சானிடைசரும் ஆகாது, வெடிப்பு விழும். எது என்று தெரியாவிட்டால் இன்டீரியர் பில்லைப் பாருங்கள். எப்படியானாலும் ஷட்டரின் உள்பக்க மூலையில் ஒருமுறை சோதித்துவிட்டு முன்பக்கம் வாருங்கள்.

கறைகளிலேயே தலைக்கு அடிக்கும் டைதான் ரொம்பப் பொல்லாதது. சிந்திய கையோடு ஸ்பிரிட்டால் துடைத்தால் தப்பிக்கலாம். மறுநாள் வரை விட்டால் பெரும்பாலும் நிரந்தரம். தீபாவளிக்கு முந்தைய நாள் எத்தனை வீடுகளில் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் டை கிண்ணம் உட்காரப்போகிறது என்பது எனக்குத் தெரியும்! அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். நம் இதழை விரித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன், படித்து முடித்த பழைய இதழாக இருந்தால் சரி.

தீபாவளி வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்