பட்டினி போடுவதும் பரிவே!

ஊருக்குப் புறப்படுகிறவருக்கு வயிறாரச் சோறு போட்டு அனுப்புவது நம் வழக்கம். மீன்களுக்கும் அப்படியே செய்து, ஒரு முறை பெரும் தவறு இழைத்துவிட்டேன். என் தொட்டியில் பிறந்த இருபது கப்பி மீன்களைச் சென்னையிலிருந்து மதுரைக்கு, அக்காள் மகனுக்காக இரவுப் பேருந்தில் அனுப்பினேன். கிளம்பும் முன் தாராளமாக இரை போட்டேன். தண்ணீர் போதாமல் போய்விடுமோ என்று பை நிறைய நீரும் ஊற்றினேன். காலையில் பை போய்ச் சேர்ந்தபோது நீர் கலங்கி நாறியது. இருபது மீன்களும் செத்து மிதந்தன.

காரணம் என்ன? பையில் காற்றுக்கு இடமே இல்லை. மீன் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை. அது குறையக் குறைய, மேலேயுள்ள காற்றிலிருந்து மீண்டும் கரைய வேண்டும். இதனால்தான் சென்னை கொளத்தூர் வண்ணமீன் வியாபாரிகள் பையில் மூன்றில் ஒரு பங்கு நீர் விட்டு, மீதி இடத்தில் பிராணவாயுவை நிரப்புகிறார்கள். காற்றில் பிராணவாயு சுமார் 21 சதவீதமே. தூய பிராணவாயுவை நிரப்பினால் ஏறக்குறைய ஐந்து மடங்கு நீரில் கரைய முடியும்.

இன்னொரு காரணம் நான் போட்ட இரை. உண்ட புரதம் சிதைந்து உண்டாகும் அம்மோனியாவை மீன் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த நஞ்சை மாற்றிவிடுகின்றன. பையில் அதற்கு வழி ஏது?

ஆகவே என் கருத்து இதுதான்: அனுப்புவதற்கு 24 மணி நேரம் முன்பே இரையை நிறுத்திவிட வேண்டும். “வாயில்லாப் பிராணியைப் பட்டினி போடலாமா?” என்று சிலர் கேட்கக்கூடும். மீன் குளிர் இரத்தப் பிராணி. நம்மைப் போல உடலைச் சூடாக வைத்திருக்க அது உணவைச் செலவிடுவதில்லை. நன்கு வளர்ந்த, நலமான மீனுக்கு ஒரு நாள் பட்டினி துன்பமே அல்ல. தன் கழிவிலேயே இரவெல்லாம் நீந்துவதுதான் துன்பம்.

மீனைப் பெறுபவருக்கும் பொறுப்பு உண்டு. மீன் வெளிவிடும் கரியமில வாயு பை நீரை அமிலத்தன்மையாக்கி, அம்மோனியாவின் நஞ்சை ஓரளவு அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேற, நஞ்சு மீண்டும் தலைதூக்கும். எனவே, திறக்காத பையைத் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள். வெப்பநிலை சமமானதும் பையைத் திறந்து, தாமதிக்காமல் மீன்களை வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

பிராணவாயு நிரப்ப வசதி இல்லையா? அப்படியானால் வெளியூருக்கு அனுப்பாதீர்கள். பக்கத்துத் தெரு நண்பனுக்கு, பைக்கு நான்கைந்து மீனாக, நீங்களே கையில் எடுத்துச் சென்று கொடுங்கள். மீனிடம் அன்பு காட்டினால் மட்டும் போதாது, மாணவர்களே! அதன் உடல் இயங்கும் விதத்தையும் அறிந்திருக்க வேண்டும். அதை நான் அறியாததற்கு இருபது உயிர்கள் விலையாயின.