தயக்கம் பிறவிக் குணமல்ல

புதுதில்லி: 2024 ஆகஸ்ட் 9 அன்று உச்சநீதிமன்ற வளாகத்தில் ஓர் இந்தித் திரைப்படம் திரையிடப்பட்டது. அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட்டும் சக நீதிபதிகளும் பார்த்த அந்தப் படம், கிரண் ராவ் இயக்கிய ‘லாபதா லேடீஸ்’. பெரிய நட்சத்திரங்களை நம்பாத இந்த நகைச்சுவைப் படம் அதே ஆண்டில் ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் தேர்வு செய்யப்பட்டது.

கதை 2001இல் வட இந்தியாவில் கற்பனையான ஒரு மாநிலத்தில் நடக்கிறது. முகத்தை மறைக்கும் முக்காட்டால் ரயில் பயணத்தில் இரு மணப்பெண்கள் மாறிவிடுகின்றனர். அவர்களில் ஒருவரான பூல் குமாரி, அறியாத ரயில் நிலையத்தில் தனித்து விடப்படுகிறார். கணவரின் ஊர்ப் பெயர் அவருக்குத் தெரியாது. கணவரின் பெயர் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது வழக்கம். சிரிக்க வைக்கும் காட்சிதான். ஆனால் சிரித்து முடித்ததும் நெஞ்சில் உறுத்துகிறது.

நடைமேடையில் தேநீர்க் கடை நடத்தும் மஞ்சு மாய் என்ற பெண்மணி அவருக்கு அடைக்கலம் தருகிறார். பூல் அங்கே கலாகண்ட் செய்கிறார், அது விற்பனையாகிறது. வாழ்வில் முதன்முறையாகத் தன் உழைப்புக்குக் கூலி பெறுகிறார். முடிவில் கணவரைப் பெயர் சொல்லி உரக்க அழைக்கும் துணிவும் வருகிறது. தயக்கம் அவரது பிறவிக் குணமல்ல; பழக்கப்பட்டது. பொறுப்பும் சொந்த வருமானமும் அதைக் கலைத்தன.

தலைநகரின் ஆட்சியாளர்கள் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை உறுதி செய்தது. பல மாநிலங்கள் அதைப் பாதியாக உயர்த்தின. எனினும் தேர்வான பெண்ணின் நாற்காலியில் கணவர் அமரும் ‘சர்பஞ்ச் பதி’ முறை ஒழியவில்லை. தமிழக ஊராட்சிகளும் இதற்கு விலக்கல்ல. படத்தில் மனைவி கணவரின் பெயரைச் சொல்ல முடியவில்லை. ஊராட்சியிலோ கணவர் மனைவியின் பெயரால் ஆள்கிறார்.

இதை ஆராய மத்திய ஊராட்சி அமைச்சகம் 2023இல் அமைத்த குழு, பினாமி ஆட்சிக்குக் கடும் தண்டனையைப் பரிந்துரைத்தது. தண்டனை தேவைதான், அது மட்டும் போதாது. கணவரை வெளியேற்றிவிட்டால் மனைவிக்குக் கணக்குப் பார்க்கும் பயிற்சி தானாக வந்துவிடாது. அதிகாரிகள் கோப்பை நேரடியாக அவரிடமே தர வேண்டும். மதிப்பூதியம் அவரது வங்கிக் கணக்கிலேயே சேர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்குக் காலம் வேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் ஒதுக்கீடு சுழலும் மாநிலங்களில், நிர்வாகம் பழகி முடிக்கும் வேளையில் பெண்ணின் இடம் கைநழுவிப் போகிறது. ஒரே ஒதுக்கீட்டை அடுத்தடுத்த இரு தேர்தல்களுக்கு நீட்டித்த அனுபவம் தமிழகத்துக்கு உண்டு. பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றட்டும். பேசப் பழகிய பெண்ணை ஐந்தாண்டில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெண்கள் பேசுவதில்லை என்று குறை கூறுவது நியாயமாகாது.