காலை எடுத்தாலும் ஓடுமா?



கடன், காணி, பிள்ளைகளின் படிப்பு என்பவற்றையே இப்பகுதியில் நாம் வழக்கமாகப் பேசுகிறோம். இம்மாதம் ஒரு வாகனத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். இதிலும் கடன் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் வாடகை அறையொன்றில் மகளுடன் வசிக்கும் ஓர் அக்கா, வெள்ளவத்தையிலுள்ள எங்கள் அலுவலகத்திற்கு வந்தார். வன்னியில் கணவரோடு சேர்ந்து ட்ரக்டர் ஓட்டியவர். 2009இல் கணவரை இழந்தார். அவருடைய வலது கணுக்காலில் ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. வான் ஓட்ட அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறார்.

"மிஸ், ஒரு வான் பாத்திருக்கிறன். கியர் வான்தான். அதில குரூஸ் கொன்ட்ரோல் இருக்காம். காலை எடுத்தாலும் ஓடுமெண்டு விக்கிறவர் சொல்லுறார். அதுக்காக ரெண்டு லட்சம் கூடக் கேக்கிறார். கடன் எடுத்து வாங்கலாமோ? மாத்தறைப் பக்கம் ஹயர் ஓடலாமெண்டு யோசிக்கிறன்."

நான் சமூகவியல் படித்தவள், இயந்திரம் படித்தவளல்ல. ஆனால் எங்கள் அலுவலக வானும் கியர் வான்தான். அதிலும் இந்த வசதி உண்டு. அந்த வாரம் காலியில் ஒரு கூட்டம் இருந்ததால் அக்காவையும் கூட்டிச் சென்றேன்.

காலி வீதியில் இதற்கு வேலையே இல்லை. பஸ் திடீரென நிற்கும், ஓட்டோ குறுக்கே வரும், ஆட்கள் வீதியைக் கடப்பார்கள். பெரும்பாலான வாகனங்களில் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவைத் தாண்டினால்தான் இது வேலை செய்யும். ஆகவே கொட்டாவையில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலைக்கு ஏறும்வரை காத்திருந்தோம். 2011இல் திறக்கப்பட்ட அந்த வீதியில் ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடமில்லை. உச்ச வேகம் 100.

ஐந்தாம் கியரில் 80க்கு வந்ததும் பொத்தானை அழுத்தினேன். காலை எடுத்தேன். வான் அதே வேகத்தில் ஓடியது. அக்கா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கட ட்ரக்டரில கையால த்ரொட்டில் வைக்கிற மாதிரித்தான்," என்றார்.

ஓரளவு அப்படித்தான். ஆனால் ட்ரக்டரில் அந்தப் பிடியை நாமேதான் இறக்கவேண்டும்; பிரேக்கை மிதித்தாலும் அது இறங்காது. இங்கே பிரேக்கை மிதித்தாலும் கிளச்சை மிதித்தாலும் பிடி விட்டுப்போகும். கிளச்சுக்கு இது மிக அவசியம். கிளச்சை மிதித்ததும் சில்லுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள தொடர்பு அறுகிறது. அப்போதும் பிடி விடாவிட்டால், குறைகிற வேகத்தைக் கூட்டுவதற்காக இயந்திரம் வீணாக அலறும்.

சிறிது தூரத்தில் ஓர் ஏற்றம் வந்தது. வான் முக்கத் தொடங்கியது. ஓட்டோமெட்டிக் வாகனமென்றால் தானே கியரைக் குறைத்திருக்கும். கியர் வானில் அது நம் வேலை. கிளச்சை மிதித்தேன்; குரூஸ் விட்டது. நான்காம் கியருக்கு மாற்றி, வலது காலால் வேகம் எடுத்து, திரும்பவும் பொத்தானை அழுத்தினேன். பழைய வேகத்துக்குத் திரும்ப 'ரிசூம்' என்றொரு பொத்தானும் உண்டு. ஆனால் குறைந்த கியரில் இருந்துகொண்டு அதை அழுத்தக்கூடாது. பழைய உயர்ந்த வேகத்தைப் பிடிக்க வாகனம் பலமாக இழுக்கும்.

பிறகு மழை. உடனே நிறுத்திவிட்டேன். ஈர வீதியில் சில்லு வழுக்கினால் எப்போது வேகத்தைக் குறைப்பதென்று நம் காலுக்குத்தான் தெரியவேண்டும்.

இதைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், 5 வயதில் விபத்தில் பார்வை இழந்தவர். நண்பரொருவர் பேசிக்கொண்டே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கார் ஓட்டியது அவருக்குப் பிடிக்காமல், இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். 1950இல் காப்புரிமை பெற்றார். 1958இல் கிறைஸ்லர் கார்களில் அது வந்தது. இதைச் சொன்னபோது அக்கா சிரித்தார். "கண் தெரியாதவர் செய்ததெண்டாலும், ஓட்டுறவருக்குக் கண்ணும் காலும் வேணும் என்ன?"

திரும்பி வரும்போது அவரே கணக்குப் போட்டார். "எத்தினை தரம் பிரேக்கை மிதிச்சனீங்களெண்டு எண்ணினனான். கால் ஆறியிருக்கிற நேரம் பெரிசில்லை, தங்கச்சி. அவசரத்துக்கு மிதிக்க ஏலுமோ எண்டதுதான் கேள்வி."

இரண்டு லட்சத்துக்கான கேள்வி அதுவேதான். நீண்ட ஓட்டத்தில் இவ்வசதி கணுக்கால் வலியைக் குறைக்கலாம். பலவீனமான காலைப் பலமாக்காது. கொழும்புக்குள் ஓடும் வாகனத்துக்கோ அது அநேகமாகத் தேவையே இல்லை.

அக்கா அந்த வானை வாங்கவில்லை. முதலில் நுகேகொடையிலுள்ள தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்துக்குப் போய்க் காலைக் காட்டினார். ஷெல் துண்டைப் பற்றி மறைக்காமல் சொன்னார். பிரேக் மிதிக்கும் பலம் போதும், நீண்ட நேர ஓட்டம் வேண்டாம் என்றார்களாம். இப்போது குறைந்த விலையில் சிறிய வானொன்று தேடுகிறார். வெள்ளவத்தையில் மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோகும் வேலை கேட்டு வைத்திருக்கிறோம்.

சகோதரிகளே, நம்மில் பலர் உடலில் காயத்தோடு உழைக்கிறோம். நம் வலியைத் தெரிந்துகொண்டு விற்க வருபவர்களும் இருக்கிறார்கள். காயத்தை மறைத்தால் அனுமதிப்பத்திரம் கிடைக்கலாம், வீதியில் காப்பாற்றாது. வாகனம் வாங்கும் முன் ஒருநாள் ஏறி ஓடிப்பாருங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்தை அதன்பிறகு வையுங்கள்.