சமையலுக்கு ஒரு பட்டமா?

சென்ற மாதம் நமுனுகுல மலைச்சாரலில் உள்ள ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு நாம் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து லயத்து வாசலில் நின்றபொழுது, நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் எம்மை அணுகினார். “ஐயா, பேத்தி உயர்தரம் எழுதியிருக்கா. கம்பஸ் கெடைச்சா சாப்பாட்டப் பத்திப் படிக்கப் போறேங்கிறா. டாக்டரு, டீச்சருன்னா வெளங்குது. சமையலுக்கு ஒரு பட்டமா?” என்றார். சூழ நின்றோர் நகைத்தனர். எம்முடன் வந்திருந்த தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் எல்லோரினும் உரக்க நகைத்தார். “லயத்துல திங்கிறதுக்கே வழியக் காணோம், என்னத்தத் திங்கணும்னு சொல்ல ஒரு ஆளு வேறயா?” என்பது அவர் வாக்கு.

பெரியவர் அறியாமல் கேட்டார். அது குற்றமன்று. தலைவர் அறிந்து நகைத்தார். ஆகவே அவருக்கே முதலில் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

உணவியல் என்பது சமையற்கலை அன்று. உண்ட உணவு உடலில் என்னவாகின்றது, கருவுற்ற தாய்க்கும் வளரும் குழந்தைக்கும் சிறுநீரகம் பழுதுற்ற விவசாயிக்கும் எது எவ்வளவு வேண்டும், எது கூடாது என்பவற்றை இரசாயனத்தின் துணையாலும் உடற்றொழிலியலின் துணையாலும் கற்று, ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலருகே நின்று பயின்று பெறும் தொழில் அது. பிரித்தானியாவில் பதிவேட்டில் இல்லாத ஒருவர் ‘உணவியலாளர்’ என்ற பெயரைத் தமக்குச் சூட்டிக்கொள்வது சட்டப்படி குற்றமாகும். அமெரிக்காவில் 2024 சனவரி முதல் முதுமாணிப் பட்டம் இன்றிப் பதிவுப் பரீட்சைக்குப் புதிதாக அமர முடியாது. ஆயிரம் மணி நேரமேனும் மேற்பார்வையின் கீழ்ப் பயின்றிருத்தலும் வேண்டும். இந்தியா 2021 இல் இயற்றிய சட்டத்தின் வழியே இத்தொழிலைச் சுகாதாரத் தொழில்களின் வரிசையிற் சேர்த்துக்கொண்டது. இவ்வளவும் சமையலுக்காகவா?

‘பதிவு’ என்ற சொல்லை மலையகத் தமிழனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1949 இன் சட்டம், பதிவு செய்தாற் பிரஜையாகலாம் என்றது. விண்ணப்பித்த எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருள் பதிவு பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை பதிவேட்டின் வாசலில் அச்சமூகம் காத்து நின்றது. இன்றும் செக்ரோலிற் பெயர் விழுந்தாற்றான் அன்றைய சம்பளம். பிறர் எழுதிய பதிவேடுகளிலே கூலியாகவும், அந்நியராகவும், வாக்காளராகவும் மட்டுமே பெயர் பதிந்து வந்த மக்களின் பிள்ளைகள், ஒரு தொழிலின் பதிவேட்டில் தம் பெயரைத் தாமே எழுதப் புறப்படும்பொழுது நகைப்பது தலைவருக்கு அழகா?

இனி, அத்தொழில் ஏன் இந்த மண்ணுக்கு வேண்டும் என்பதற்கு வருவோம். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் 17 சதவீதம். தோட்டங்களிலோ அது 32 சதவீதம். ஏறத்தாழ இரட்டிப்பு! பத்தாண்டுகளுக்கு முன்னிருந்த 40 சதவீதத்திலிருந்து குறைந்துவிட்டதே என்று திருப்தி கொள்வோர் உளர். மூன்று குழந்தைகளுள் ஒன்று குறுகிப்போவதைக் கண்டு திருப்தி கொள்ளும் மனம் எமக்கு வாய்க்கவில்லை. கருவுற்ற நாள் தொடங்கிப் பிள்ளையின் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான ஆயிரம் நாள்களில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் முழுமையாக மீட்டல் அரிது என்பது மருத்துவ உலகம் ஒப்பிய உண்மை. அந்த ஆயிரம் நாள்களுட் பலவற்றைத் தாய் கொழுந்து மலையிலும் குழந்தை பிள்ளைக்காம்பராவிலும் கழிக்கின்றனர்.

இதற்கு ஆட்சியாளரும் கம்பனியாரும் ஒரே காரணத்தை மீண்டும் மீண்டும் கூறுவர்: அறியாமை. தோட்டத்து மக்களுக்கு உண்ணத் தெரியவில்லையாம்; பழக்கம் சரியில்லையாம்; ஆகவே ஓர் அரைநாட் கருத்தரங்கு நடத்தினாற் போதுமாம். பாலும் முட்டையும் பழமும் உண்ணுக என்று அங்கே உபதேசம் நிகழும். முட்டையின் விலை அறியாதவரா எம் தாய்மார்? மலையகத்து ஆஸ்பத்திரியொன்றிலிருந்து வீடு திரும்பிய பெண்ணொருத்தியின் கையில் இருந்த உணவுப் பட்டியலை நாம் பார்த்ததுண்டு. அது அவள் வாசிக்க அறியாத மொழியில் இருந்தது. எம் நண்பர் ஒருவரைக் கொண்டு வாசிப்பித்தோம். அப்பிளும் ஓட்ஸும் அதில் இருந்தன, அவள் நாள்தோறும் உண்ணும் ரொட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பட்டியலை எழுதியவர் தீயவர் அல்லர்; அவர் லயத்து அடுப்பை ஒருநாளும் பார்த்ததில்லை, அவ்வளவே.

பார்த்த ஒருத்தி எழுதினால் எப்படி எழுதுவாள்? ஓர் உதாரணம் காட்டுவோம். காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், உடனே சாயத்தண்ணீரும் என்பது தோட்டத்து வழக்கம். ரொட்டியிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி தேயிலையிலுள்ள தனின் தடுக்கின்றது. தேநீரை உணவோடு அன்றி ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் அத்தடை பெரிதும் நீங்கும். சம்பலில் தேசிக்காய்ப் புளி கூடினால், அதிலுள்ள உயிர்ச்சத்துச் ‘சி’ அதே இரும்பை உடல் ஏற்கத் துணைபுரியும். ரொட்டிக்குக் கௌப்பியோ கடலையோ சேர்ந்தால் புரதமும் கூடும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. உலகத்தின் கோப்பைகளை நிரப்பும் அதே இலை, அதனைக் கொய்பவளின் குருதியில் இரும்பு சேராமற் செய்வதனை அவளுடைய மொழியில், அவளுடைய பிரட்டு நேரம் அறிந்து, எந்த வேளைக்குத் தேநீரைத் தள்ளுவது என்று கூறவல்லவள் எங்கே? அப்படியொருத்தி ஆகவே பெரியவரின் பேத்தி விரும்புகின்றாள்.

ஆயினும் தலைவரின் வாதத்திற் பாதி மெய் உண்டு. தேசிக்காய் ஒருநாளும் சம்பளத்துக்கு ஈடாகாது. உணவியலாளரை அனுப்பிவிட்டோம், இனிச் சம்பள உயர்வு எதற்கு என்று நாளை எவரேனும் கூறுவாராயின் அவரை எதிர்ப்போரில் நாமே முதல்வராவோம். தலைவருக்கு விளங்காதது மற்றப் பாதி. சம்பளப் போரிலேதான் உணவியலாளர் எமக்கு மிக அவசியமாகத் தேவைப்படுகின்றார்.

வரலாற்றைப் பாருங்கள். 1927 இல் இந்தியத் தொழிலாளருக்கெனக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டபொழுது, பணக்கூலியோடு நிர்ணயித்த விலையில் அரிசி வழங்கும் ஏற்பாடும் அதில் இடம்பெற்றது. வெள்ளைக்காரத் துரைமாரின் காலத்துச் சட்டமே, கூலி என்பது வயிற்றிற் சென்று சேரும் உணவு என்பதனை ஒருவாறு உணர்ந்திருந்தது. இன்றைய நிலை என்ன? 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாகச் சம்பளச் சபையின் வழியே நிர்ணயிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் ஏகின. 2024 இல் 1,700 ரூபாய் என வர்த்தமானி வெளிவந்தது. கம்பனிகள் உயர் நீதிமன்றம் ஏகின. யூலையில் இடைக்காலத் தடை. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என முடிந்தது. அதன் பின்னர் எத்தனை ரூபாய் கூடினும் கூடுக. எம் கேள்வி தொகையைப் பற்றியதன்று. கம்பனிகள் கணக்காளர்களோடு வருகின்றன, கிலோ ஒன்றின் உற்பத்திச் செலவைச் சதம் வரை எழுதிக்கொண்டு வருகின்றன. நாமோ முழக்கங்களோடு போகின்றோம். நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்து கொய்யும் பெண்ணின் உடலுக்கு எவ்வளவு சக்தி வேண்டும், அவளுக்கும் பிள்ளைகளுக்கும் அதனை வாங்கப் பதுளைச் சந்தை விலையில் எவ்வளவு பணம் வேண்டும், நிர்ணயித்த சம்பளம் அதில் எத்தனை நாளைக்குப் போதும் என்ற கணக்கை எம் பக்கத்தில் யார் வைத்திருக்கின்றார்?

நாம் சட்டம் படித்தவர். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு, விஞ்ஞானத்தில் விசேட தேர்ச்சி பெற்றோரின் அபிப்பிராயத்தை மன்றம் கருத்திற்கொள்ள இடமளிக்கின்றது. நாம் எத்துணை உருக்கமாகப் பேசினும் அது வக்கீலின் வாதமாகவே நிற்கும். பட்டமும் பதிவும் பெற்ற உணவியலாளர் சத்தியக்கடதாசியில் எழுதினால் அது சாட்சியம். தொழிற்சங்கங்கள் இந்த ஒரு காரணத்துக்காகவேனும் பத்துப் பிள்ளைகளை அத்துறைக்கு அனுப்பியிருத்தல் வேண்டும்.

இது தோட்டத்தாருக்கு மட்டும் உரிய வழக்கு எனக் கமக்காரரான வாசகர் கருதவேண்டாம். காரணம் முற்றாகத் தெளியாத சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தில் மட்டும் இல்லை. இதே பதுளை மாவட்டத்துக் கிராந்துருக்கோட்டையிலும் நெல் விளைப்போரை வாட்டுகின்றது. அந்நோயாளி எவ்வளவு புரதம் உண்ணலாம், எந்தப் பழம் ஆகாது என்பதை நோயின் படிநிலை கண்டே சொல்ல வேண்டும். தப்பினால் உயிருக்கு ஆபத்து. வெலிமடையின் கிழங்கும் போஞ்சியும் கெப்பெட்டிப்பொலச் சந்தை வழியே கொழும்புக்கு ஏறிச் செல்ல, அயலிலுள்ள லயத்துக் குழந்தை குறுகிப் போவதும் இதனோடு ஒட்டிய கதைதான். அதைப் பிறிதொரு முறை எழுதுவோம்.

குன்னூரை நினைவூட்ட விரும்புகின்றோம். அதுவும் நீலகிரியின் தேயிலை மலை. 1918 இல் மக்கரிசன் என்ற மருத்துவர் அங்கே ஒரே அறையிற் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அவ்வறை வளர்ந்து 1958 இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இந்தியாவின் தேசிய போசணை நிறுவனமாயிற்று. அதனை நெடுங்காலம் வழிநடத்திய கோபாலன் சேலத்தில் பிறந்த தமிழர். கோயம்புத்தூரில் இராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் பெண்பிள்ளைகளை இத்துறையில் தலைமுறை தலைமுறையாகப் பயிற்றினார். மனைக்கலை என அன்றும் சிலர் நகைத்திருப்பர்.

எமது மலையில் என்ன உண்டு? பதுளையில் 2005 இல் தோன்றிய ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் ஒரு பட்டப்படிப்பு. கொய்த இலைக்குப் பெறுமதி சேர்க்கப் பட்டம் உண்டு. கொய்யும் உடலுக்குப் பெறுமதி சேர்க்கும் பட்டத்தை அதே வளாகத்திற் கேட்பது பிழையா? இன்று இத்துறையை நாடும் பிள்ளை வயம்பப் பல்கலைக்கழகத்தின் மாகந்துரை வளாகம் வரை சென்று, உணவு விஞ்ஞானமும் போசணையும் என்ற பட்டத்தை ஆங்கிலத்திற் கற்க வேண்டும். அதற்கு முன்னர் உயர்தரத்தில் விஞ்ஞானம் சித்தியடைதல் வேண்டும். இங்குதான் கழுத்தை நெரிக்கும் முடிச்சு. எம் மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளுட் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. இரசாயன ஆசிரியரைத் தேடிப் பசறைப் பிள்ளையும் மடுல்சீமைப் பிள்ளையும் பஸ் ஏறுகின்றனர். பஸ் கட்டணம் இல்லாத பிள்ளை கலைப்பிரிவோடு நின்றுவிடுகின்றது.

பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரில் பதுளைக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடு உண்டே என்பர். உண்டு, ஆனால் அது மாவட்டத்தை அறியும், லயத்தை அறியாது. ஆய்வுகூடம் உள்ள நகரப் பாடசாலைப் பிள்ளையும் சோதனைக் குழாயைப் படத்தில் மட்டும் கண்ட தோட்டத்துப் பிள்ளையும் அதே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். சமமற்றோரைச் சமமாக நடத்துதல் சமத்துவம் ஆகாது என்பது எந்தச் சட்டமாணவனும் அறிந்த பாடம்.

ஆகவே பதுளையில் அடுத்து நடைபெறும் எமது மாவட்டக் கூட்டத்தில் நாம் முன்மொழிய இருக்கும் தீர்மானம் இது: மாவட்டத்தின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழ்மொழி மூல விஞ்ஞான உயர்தரம் விடுதி வசதியோடு நடைபெறல் வேண்டும், தோட்டங்கள் உள்ள ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் தமிழ் பேசும் உணவியலாளர் ஒருவருக்கு நிரந்தரப் பதவி உருவாக்கப்படல் வேண்டும், தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சந்தாப் பெறும் ஒவ்வொரு தொழிற்சங்கமும், மேதின ஊர்வலத்துக்குப் பஸ் பிடிக்கும் செலவில் ஒரு பங்கையேனும் ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு பிள்ளையை இத்துறையிற் படிப்பித்தல் வேண்டும். அன்று ஸ்பிரிங்வெளியில் நகைத்த தலைவரும் அக்கூட்டத்துக்கு வருவார். அவரையே வழிமொழியுமாறு கேட்க இருக்கின்றோம்.