படகுக்கு மோட்டார் வாங்கும் முன் ஒரு கணக்கு



பழவேற்காடு பக்கம் ஏரியில் படகு ஓட்டும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், பத்து எச்.பி. பெட்ரோல் இன்ஜினை எடுத்துட்டு அதே பத்து எச்.பி.ல கரண்ட் மோட்டார் போடச் சொல்றாங்க. கடன் வாங்கணும். போடலாமா?"

போடலாம் தம்பி, ஆனால் பத்து எச்.பி. வேண்டாம். எச்.பி.க்கு எச்.பி. என்று மாற்றுவது கடையில் விற்பவருக்கு லாபம், வாங்குபவருக்கு வட்டி. அதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நீரில் வேகம் கூடக் கூட, தேவையான திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகத்தை இரண்டு மடங்கு ஆக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். பெட்ரோல் கேனில் இது தெரியாது. ஒரு லிட்டரில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருப்பதால் வீணானாலும் ஓடிவிடும். பேட்டரியில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலையும் உண்டு, எடையும் உண்டு.

உங்கள் படகுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே அளக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் கையில் பிடித்த அதே சுருள்வில் தராசுதான். வழக்கமான சுமையோடு உங்கள் படகை இன்னொரு படகு நீளமான கயிற்றில் இழுக்கட்டும். கயிற்றில் தராசு, செல்போனில் வேகம். நீரோட்டத்தோடு ஒரு முறை, எதிர்த்து ஒரு முறை இழுத்துச் சராசரி எடுங்கள்.

மணிக்கு 7.2 கி.மீ. வேகத்தில் தராசு 20 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். விசை சுமார் 200 நியூட்டன், வேகம் நொடிக்கு 2 மீட்டர். பெருக்கினால் 400 வாட். மோட்டாரிலும் புரொப்பல்லரிலும் பாதி போகும் என்று கொண்டால், பேட்டரியிலிருந்து 800 வாட். ஒரு எச்.பி. 746 வாட், அதாவது ஒரு எச்.பி.யைவிடச் சற்றே அதிகம். எதிர்க்காற்றுக்கும் சேர்த்து 2 கிலோவாட் மோட்டார் போதும்.

இனி பேட்டரி. தினம் 3 மணி நேர ஓட்டம் என்றால் 2.4 யூனிட். அவசரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 3.2. லித்தியத்தில் 80 சதவீதம்தான் எடுக்கலாம் என்று வைத்தால் 4 யூனிட் பேட்டரி வேண்டும். ஈய பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம், 6.4 யூனிட் ஆகிவிடும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஏ.எச். பேட்டரி நான்கு. ஒன்றே ஐம்பது கிலோவைத் தாண்டும். மூன்று ஆட்களின் எடையைத் தினமும் சும்மா ஏற்றிச் செல்வதற்குச் சமம்.

அதே 4 யூனிட் லித்தியத்தில் பத்து எச்.பி.யை முழுவேகத்தில் ஓட்டினால் அரை மணிகூடத் தாங்காது. நடு ஏரியில் நிற்பீர்கள்.

மின்படகு நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கேரளத்தில் வைக்கம் – தவணக்கடவு இடையே 75 பேர் அமரும் 'ஆதித்யா' சூரியசக்திப் படகு 2017 முதல் ஓடியிருக்கிறது. அமைதியான நீர், தெரிந்த தூரம், மிதமான வேகம்: வெற்றியின் ரகசியம் அவ்வளவுதான். ஆனால் அலையைத் தாண்டிக் கடலுக்குப் போகும் பிள்ளைகள் இந்தச் சிறு மோட்டாரை நம்பி இறங்கக் கூடாது. அங்கே அந்த எச்.பி. உயிர் காப்பது.

ஏரியிலும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பேட்டரியில் 60 சதவீதம் இருக்கும்போதே படகைத் திருப்புங்கள். மத்தியானத்துக்கு மேல் காற்று மாறினால் வந்த கணக்கு போகும் கணக்குக்கு உதவாது. துடுப்பும் படகிலேயே இருக்கட்டும்.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் தராசைக் கையில் எடுங்கள். அளந்த எண்களைக் கீழே எழுதுங்கள். சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்