கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போனவர்கள் என்ன சொன்னார்கள்?



கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, பாலாவி, தில்லையடி என்று நம் கரையோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. காலை நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். இரண்டு மூன்று இளம் பிள்ளைகள் கையில் கோப்புகளோடு இறங்குவார்கள். "உம்மா, நாங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறோம். ஓர் ஆய்வுக்காகச் சில கேள்விகள் கேட்கலாமா?" என்பார்கள். நீங்களும் அடுப்பைத் தணித்துவிட்டு, உட்கார இடம் கொடுத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்துப் பொறுமையாகப் பதில் சொல்லியிருப்பீர்கள். சிலர் உங்கள் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீரும் எடுத்துப் போயிருப்பார்கள்.

அதற்குப் பிறகு?

அந்தப் பதில்களும் அந்தத் தண்ணீரும் கட்டுரைகளாகின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில், நம் கைக்கு எட்டாத சஞ்சிகைகளில் வெளியாகின்றன. படிப்பவர்கள் படிக்கிறார்கள். பதில் சொன்ன உம்மாவுக்கு மட்டும் ஒன்றும் தெரிவதில்லை. எனவே இந்த மாதம், நம் கரையைப் பற்றிப் பல்கலைக்கழகத்தார் செய்த சில ஆய்வுகளை நம் வீட்டுப் பேச்சில் சொல்லிப் பார்ப்போம்.

கிணறு சொன்ன கதை

கற்பிட்டித் தீபகற்பம் ஒரு நீண்ட மணல் நிலம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. இரண்டும் உப்பு. அப்படியிருந்தும் நடுவில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறதே, அது எப்படி என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்புத் தண்ணீர் பாரம் கூடியது, நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது. அதனால் தண்ணீரின் மேல் எண்ணெய் நிற்பது போல இது நிற்கிறது. அறிஞர்களின் கணக்குப்படி, நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே அந்த ஓர் அடி குறையக் குறைய, கீழேயிருந்து உப்பு ஏறி வரும். அளவுக்கு மீறி மோட்டார் போட்டு இறைத்த கிணறு உவர்ப்பாவதற்குக் காரணம் இதுதான்.

மழையை உள்ளே விடும் அதே மணல், உரத்தையும் உள்ளே விடுகிறது. வெங்காயம், மிளகாய், பீட்ரூட் என்று நம் தோட்டங்களில் வருடம் முழுவதும் பயிர் உண்டு. மணலில் ஈரம் நிற்காது, ஆகவே அடிக்கடி தண்ணீர் இறைக்க வேண்டும். சத்தும் நிற்காது, ஆகவே திரும்பத் திரும்ப உரம் போட வேண்டும். பயிர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய உரம் பாய்ச்சிய தண்ணீரோடு கரைந்து இறங்கிக் கிணற்றுக்கு வந்து சேர்கிறது. யூரியாவிலும் மாட்டெருவிலும் உள்ள நைதரசன் மண்ணுக்குள் நைத்திரேற்றாக மாறுகிறது. மலசலகூடக் குழி கிணற்றுக்கு அருகில் இருந்தால் அதிலிருந்தும் இது வரும்.

கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, தண்ணீரோடு இங்கே விளையும் உணவுப் பொருட்களையும் சேர்த்துச் சோதித்தது. 2011இல் பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியலாளர்களின் ஆய்வும் அதே கவலையைச் சொன்னது. உலக சுகாதார ஸ்தாபனம் குடிதண்ணீருக்கு வகுத்த எல்லை, ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. தோட்டச் செய்கை மிகுந்த இடங்களில் பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியிருந்தன.

இதனால் யாருக்கு ஆபத்து? முக்கியமாக ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுக்கும்போது, குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழக்கலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டிய நிலை அது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. தாய்ப்பாலின் சிறப்புகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். "நாங்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம்" என்று நம்மில் பலர் நிம்மதியாக இருக்கிறோம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று கிருமி அல்ல. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சிய தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். சாதாரண வடிகட்டியிலும் அது போகாது. இப்போது பல ஊர்களில் விற்கும் ஆர்.ஓ. முறைத் தண்ணீரில் பெருமளவு நீங்கும். நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. "எங்கள் கிணறு பளிங்கு போல இருக்கிறது" என்பது சாட்சியாகாது. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். கைக்குழந்தை உள்ள வீட்டார், மருத்துவமாதுவிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ இதைப் பற்றிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

நட்டவர்களும் பார்த்தவர்களும்

இனி களப்போரம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் கண்டல் நடும் வேலை பெரிதாக நடந்தது. பதாகை கட்டி, படம் பிடித்து, ஆயிரக்கணக்கில் கன்றுகள் நட்டார்கள். அவற்றின் கதி என்ன என்று ருஹுணைப் பல்கலைக்கழகத்தாரும் பெல்ஜியம் நாட்டுப் பல்கலைக்கழகத்தாரும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, 2017இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் பார்த்தது 23 இடங்கள். நடப்பட்ட பரப்பு 1000 முதல் 1200 ஹெக்டயர். சரியாக வளர்ந்தது 200 முதல் 220 ஹெக்டயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. கண்டல் வளர முடியாத மேட்டிலும் பள்ளத்திலும் நட்டிருந்தார்கள். மாடு மிதித்தது, மேய்ந்தது, பாசி மூடியது, பூச்சி அரித்தது.

ஆனால் நமக்கு ஒரு நல்ல செய்தி. பாதிக்கு மேல் கன்றுகள் பிழைத்த இடங்கள் நாட்டிலேயே மூன்றுதான்: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. முதல் இரண்டும் நம் புத்தளம் மாவட்டம்! பிழைத்தவற்றையும் பிழைக்காதவற்றையும் ஒப்பிட்டபோது தெளிவாகத் தெரிந்த ஒன்று, நட்ட பிறகு பராமரித்த இடங்களில்தான் கன்றுகள் பிழைத்தன என்பது. முற்றத்தில் ஒரு முருங்கைக் கம்பு ஊன்றியவளுக்கும் தெரிந்த உண்மைதான். இப்போது அதற்குக் கணக்கும் இருக்கிறது.

மேல்வலியும் மனவலியும்

மூன்றாவது ஆய்வு, மண்ணையும் தண்ணீரையும் பற்றியதல்ல. நம்மைப் பற்றியது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர், உடுத்த உடையோடு. அவர்களில் மிகப் பெரும் பகுதியினர் வந்து சேர்ந்தது நம் மாவட்டத்துக்கு. இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் வந்தவர்களும் இருக்கிறீர்கள், இடம் கொடுத்தவர்களும் இருக்கிறீர்கள். இரு வீட்டாருக்கும் இடையில் சம்பந்தம் கலந்தவர்களும் இருக்கிறீர்கள்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்களும் இலங்கை ஆய்வாளர்களும் இணைந்து, புத்தளத்தில் 141 குடியிருப்புகளிலிருந்து 450 பேரைத் தேர்ந்து அவர்களின் மனநலம் பற்றி விசாரித்தார்கள். முடிவு 2013இல் வெளியானது. நூற்றுக்குச் சுமார் 19 பேருக்கு ஏதாவதொரு மனநலக் குறை இருந்தது. அதில் அதிகம் காணப்பட்டது எது தெரியுமா? உடம்பில் காரணம் அகப்படாத உடம்பு உபாதை. நூற்றுக்கு 14 பேருக்கு அது இருந்தது. தலைக்குத்து, மேல்வலி, களைப்பு, நெஞ்சு படபடப்பு என்று டிஸ்பென்சரிக்கு அலைந்து, பனடோல் வாங்கி வந்து, "ஒன்றுமில்லை என்கிறார்களே" என்று வீட்டாரிடம் பேச்சும் வாங்கும் எத்தனை ராத்தாமார் நம்மிடையே இருக்கிறார்கள்! அது நடிப்பல்ல, சோம்பலும் அல்ல. சொல்ல முடியாத மனம் உடம்பின் வழியாகப் பேசுகிறது.

போர்க் கொடுமையின் நினைவு திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோய் இருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் மட்டுமே. வேலை இல்லாதவர்கள், அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லாதவர்கள், எல்லாரையும் விட மேலாக, துணையை இழந்தவர்கள் அல்லது மணமுறிவு பெற்றவர்கள் ஆகியோரிடமே மனநலக் குறைகள் கூடுதலாகக் காணப்பட்டன. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் யார் வீட்டுக் கதவை நாம் முதலில் தட்ட வேண்டும் என்பதை அந்தக் கணக்கு காட்டுகிறது. தனித்து வாழும் பக்கத்து வீட்டுச் சகோதரியிடம் "சமைத்தாயா?" என்று கேட்பது சின்ன விஷயம் அல்ல. வைத்திய உதவி தேவைப்பட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குப் பேசலாம்.

இந்த மக்களின் கதையை மற்றவர்கள் மறந்திருந்த காலத்தில் ஏட்டில் ஏற்றியவர்களையும் நாம் மறக்கக் கூடாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா, 2001இல் வெளியிட்ட நூலில் இவர்களை மறக்கப்பட்ட மக்கள் என்றே அழைத்தார். 2018இல் அவர் காலமானார். நோர்வேயிலிருந்து வந்த கெத்ரின் புரூன் என்ற பெண், வந்தவர்களுக்கும் ஊரவர்களுக்கும் இடையிலான உறவைப் புத்தளத்திலேயே ஆராய்ந்து, 2008இல் நூலாக்கினார். வெளியேற்றம் பற்றிய குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளிவந்தது. அந்தப் பணியில் முன்னின்றவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பர்ஸானா ஹனிபா. அவரும் நம்மைப் போல ஒரு முஸ்லிம் பெண்தான்.

நாம் கேட்க வேண்டியவை

ஆய்வுக்கு வருபவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாதிப் பேர் பஸ் காசை எண்ணிக்கொண்டு வரும் மாணவப் பிள்ளைகள். அவர்கள் வராவிட்டால் நம் கிணற்றில் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல் போயிருக்கும். வரவேற்போம், தேநீரும் கொடுப்போம். ஆனால் அடுத்த முறை வரும்போது நாமும் மூன்று கேள்விகள் கேட்போம்.

யாருக்காக இந்த ஆய்வைச் செய்கிறீர்கள்? என் பெயரும் நான் சொன்னதும் வெளியே போகுமா? முடிவை எங்களுக்குத் தமிழில் எப்போது சொல்வீர்கள்?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாதிருக்கவும், இடையில் போதும் என்று நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல ஆய்வாளர் அதைத் தானாகவே முதலில் சொல்லிவிடுவார். முடிவு வந்தால் அதைப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் பாடசாலையிடமும் மாதர் சங்கத்திடமும் ஒப்படைக்கச் சொல்லுங்கள். கன்றை நட்டவர் திரும்பி வந்து பார்க்க வேண்டும் என்பது தண்ணீர் எடுத்துப் போனவருக்கும் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. உயர்தரம் எழுதிவிட்டு "அடுத்து என்ன படிக்கலாம்?" என்று உங்கள் மகள் கேட்டால், இந்தக் கிணற்றைப் பற்றியும் களப்பைப் பற்றியும் அவளிடம் பேசுங்கள். அடுத்த போத்தலோடு வாசலுக்கு வருபவள் நம் ஊர்ப் பிள்ளையாக இருந்தால், முடிவைக் கேட்டு யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. அவள் மாலையில் வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போதே சொல்லிவிடுவாள்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.